பிளாஸ்டிக் சர்ஜன் சம்பாதிப்பது யார் கணக்கில் ஏறுகிறது?

கொங்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனையில் பில்லிங், கணக்கு இரண்டையும் பார்த்துக்கொள்கிறேன். மாதம் பிறந்ததும் துறைவாரி வருமான அறிக்கை எம்.டி. (நிர்வாக இயக்குநர்) மேசைக்குப் போய்விட வேண்டும். எலும்பு, இதயம், சிறுநீரகம், மகப்பேறு என்று மேலிருந்து இறங்கிவரும் அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் சர்ஜரி எப்போதும் அடிமட்டத்தில்தான் கிடக்கும். அதற்குக் கீழே பல் மருத்துவம் மட்டும். டாக்டருக்கு கேஸ் வந்தாலும் வராவிட்டாலும் நாங்கள் கொடுக்கும் மாத கேரண்டித் தொகையை (எம்.ஜி.) பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தத் துறை தன் சம்பளத்தையே ஈட்டவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். “இவருக்கு எதுக்கு எம்.ஜி.? தேவைப்படறப்ப கோயமுத்தூர்ல இருந்து ஆன்-கால்ல கூப்பிட்டுக்கலாமே” என்று பங்குதாரர்களில் ஒருவர் கேட்டார். காசு போட்டவர் கேட்க வேண்டிய கேள்விதான். எம்.டி. என் பக்கம் திரும்பி, “நீங்க ஒரு கணக்கு எடுத்துக் குடுங்க, அப்புறம் பேசிக்கலாம்” என்று முடித்துவிட்டார்.

அந்தக் கணக்கை எடுத்தபோது கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். மருத்துவமனை நடத்துபவர்களுக்கும், ஒப்பந்தம் பேசப்போகும் இளம் பிளாஸ்டிக் சர்ஜன்களுக்கும் இதில் ஏதாவது உதவலாம்.

முதலில் சாஃப்ட்வேர். எங்களிடம் இருப்பது மட்டுமல்ல, நான் பார்த்தவரை பல மருத்துவமனை சாஃப்ட்வேர்களும் நோயாளியை எந்த டாக்டர் பெயரில் அட்மிட் செய்தார்களோ அந்தத் துறைக்கே மொத்த பில்லையும் கொண்டுபோய்ச் சேர்க்கும். ரூம் வாடகை, ஐ.சி.யூ., மருந்து, லேப், ஸ்கேன், பிசியோ எல்லாம் அட்மிட் செய்த டாக்டரின் வரியில். உள்ளே வந்து ஆபரேஷன் செய்துவிட்டுப் போகும் இன்னொரு டாக்டருக்கு அவருடைய சர்ஜன் ஃபீஸும், சில இடங்களில் அந்த ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) கட்டணமும் மட்டும்தான் வரவு. பொதுவாக இதனால் பெரிய பாதகம் இல்லை. இதய டாக்டர் இதய நோயாளியை அட்மிட் செய்வார், மகப்பேறு டாக்டர் கர்ப்பிணியை. பிளாஸ்டிக் சர்ஜனின் பிழைப்பு அப்படி இல்லையே. அவர் தொடும் நோயாளிகளில் பெரும்பகுதி வேறொருவர் பெயரில் படுத்திருப்பவர்கள்.

ஒரு ஃபைலைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். பைபாஸில் பைக்கில் போனவர் மீது லாரி உரசிய கேஸ். முப்பதைத் தாண்டாத ஆள். முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, முன்பக்கச் சதையும் தோலும் உரிந்து, எலும்பு வெளியே தெரிகிறது. கேசுவால்டியில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்) போட்டு, போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டிய கேஸ் என்று எம்.எல்.சி. முத்திரை குத்தி, எலும்பு டாக்டர் பெயரில் அட்மிஷன். அன்றிரவே இரண்டு டாக்டர்களும் சேர்ந்து காயத்தைக் கழுவி, செத்த சதையை வெட்டியெடுத்து, வெளியிலிருந்து கம்பி மாட்டி எலும்பை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள் தொடையிலிருந்து சதையும் தோலுமாக ரத்தக்குழாயோடு எடுத்து, காலில் இருக்கும் ரத்தக்குழாயோடு மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் தைத்து, அந்த எலும்பை மூடினார் எங்கள் பிளாஸ்டிக் சர்ஜன். இப்படிக் கொண்டுவந்து மூடும் சதைக்குத்தான் ஃபிளாப் என்று பெயர். காலையில் ஆரம்பித்தது, சாயங்காலம் விளக்கு போட்ட பிறகுதான் ஓ.டி. கதவு திறந்தது. அப்புறம் ஐ.சி.யூ.வில் ஒவ்வொரு மணிக்கும் நர்ஸ் ஃபிளாப்பின் நிறத்தையும் சூட்டையும் பார்த்துக் குறித்த சார்ட், ரத்த ஓட்டத்தைக் கேட்க டாப்ளர் கருவி வைத்த குறிப்பு, ரத்தம் மெலிவதற்கான மருந்துச் சீட்டு, பிசியோ ஷீட் என்று ஃபைல் தலையணை உயரத்துக்கு வந்துவிட்டது. பில்லைப் பிரித்தால், அந்த மொத்தத்தில் பிளாஸ்டிக் சர்ஜரி வரியில் விழுந்தது ஒரு சிறு துண்டுதான். மீதி எல்லாமே எலும்புத் துறை.

எலும்பு டாக்டரிடம் நேராகவே கேட்டேன்: “இவர் இல்லைன்னா இந்த கேஸை என்ன பண்ணியிருப்பீங்க, சார்?” யோசிக்கவே இல்லை. “கம்பியை மாட்டி, கட்டுப் போட்டு, ஆம்புலன்ஸ்ல கோயமுத்தூர் அனுப்பியிருப்பேன். எலும்பைத் திறந்து போட்டுட்டு நான் என்ன பண்றது?” என்றார்.

இதற்கு மருத்துவ ஆதாரம் உறுதியானது, பழையதும்கூட. திறந்த எலும்பு முறிவுகளை டாக்டர்கள் குஸ்டிலோ வகைப்பாட்டில் பிரிப்பார்கள். அதில் 3-பி என்றால் எலும்பை மூட அந்த இடத்தில் சதையே மிஞ்சவில்லை, வேறெங்கிருந்தாவது கொண்டுவந்துதான் மூட வேண்டும் என்று அர்த்தம். ஸ்லோவேனியாவின் ல்யூப்லியானா நகரத்து பிளாஸ்டிக் சர்ஜன் மார்கோ கோடினா எடுத்த 532 நோயாளிகளின் கணக்கு 1986-இல் வெளியானது. அடிபட்ட 72 மணி நேரத்துக்குள் ஃபிளாப் போட்டவர்களில் சீழ் பிடித்தது 1.5 சதவீதம். 72 மணி நேரத்தைத் தாண்டி மூன்று மாதத்துக்குள் போட்டவர்களில் 17.5 சதவீதம். ஃபிளாப்பே செத்துப்போனது முதல் கூட்டத்தில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, இரண்டாவதில் 12 சதவீதம். டாக்டர்கள் இந்த எண்களை வேறு காரணத்துக்காகப் படிக்கிறார்கள். எனக்கு இதில் தெரிவது படுக்கை நாட்கள். சீழ் பிடித்த ஒரு கால், வாரக்கணக்கில் ஒரு படுக்கையைப் பிடித்துக்கொள்ளும்.

இதை நம் ஊரிலேயே செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். கோவை கங்கா மருத்துவமனை 1978-இல் டாக்டர் ஜே.ஜி. சண்முகநாதன் தம்பதி தொடங்கிய சிறிய இடம். அவர்களுடைய மகன்கள் இருவரில் டாக்டர் ராஜசேகரன் எலும்புப் பக்கம், டாக்டர் ராஜ சபாபதி பிளாஸ்டிக் சர்ஜரி பக்கம். இரண்டு துறையும் ஒரே கூரைக்குக் கீழ் ஒரே வேகத்தில் ஓடியதால்தான் உடைந்து நொறுங்கிய கை கால்களுக்கு என்றே பேர் வாங்கிய இடமாக அது வளர்ந்தது என்பது என் கணிப்பு. 2006-இல் அங்கிருந்து வந்த ஒரு மதிப்பெண் முறையை இன்று பல நாட்டு டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். தோல், எலும்பு, தசை நரம்பு மூன்றுக்கும் தனித்தனியாகச் சேதத்தை எடை போட்டு, நோயாளியின் மற்ற நிலைமைகளையும் கூட்டி, 14 வரை வந்தால் காலைக் காப்பாற்றலாம், 17-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ எடுத்துவிடுவதே நல்லது, நடுவில் இருப்பது யோசிக்க வேண்டிய இடம் என்று சொல்லும் முறை அது. கவனித்தீர்களென்றால், தோலுக்கென்று எலும்புக்குச் சமமாகத் தனி மதிப்பெண் வைத்திருக்கிறார்கள்.

சரி, கணக்குக்கு வருகிறேன். துறைவாரி அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, எம்.ஆர்.டி.யில் (பழைய ஃபைல்களை வைத்திருக்கும் பிரிவில்) இருக்கும் பெண்ணை உதவிக்கு வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் சர்ஜனின் கையெழுத்து எங்கெங்கே இருக்கிறதோ அந்த ஃபைல்களை எல்லாம் எடுத்தேன். யார் பெயரில் அட்மிஷன் என்று பார்க்கவில்லை. அவற்றை மூன்றாகப் பிரித்தேன். அவரே அட்மிட் செய்தவர்கள் ஒரு கட்டு. அவர் இல்லாவிட்டால் நாங்கள் எடுத்தே இருக்க முடியாத கூட்டு கேஸ்கள் இன்னொன்று. மற்றவர்களின் ஆபரேஷனில் ஏதோ சிக்கலாகி, இவரைக் கூப்பிட்டுச் சரிசெய்தவை மூன்றாவது. கூடவே கேசுவால்டி ரிஜிஸ்டரில் “ரெஃபர்டு அவுட்” என்று எழுதிய வரிகளையும், அவர் லீவில் இருந்த நாட்களையும் ஒப்பிட்டேன். இது முக்கியம். வந்த பணத்தை பில்லில் பார்த்துவிடலாம். வாசல் வரை வந்து திரும்பிப்போனதை ரிஜிஸ்டரில்தான் தேட வேண்டும். அவர் ஊரில் இல்லாத நாட்களில் சிவப்பு மையில் அந்த வார்த்தை அடுத்தடுத்து வந்ததை எம்.டி.யிடம் காட்டியபோது, வேறு எந்த அட்டவணையையும் அவர் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

இரண்டாவது கட்டில் எலும்பு மட்டும்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தால் அது இல்லை. வாய்ப் புற்றுநோய் கேஸ்கள் இருந்தன. புகையிலை போடும் ஊரில் அதற்குக் குறைவில்லை. கன்னத்தையும் தாடையையும் சேர்த்து வெட்டியெடுக்கும் கேன்சர் சர்ஜன், அந்த ஓட்டையை அடைக்க ஆள் இருந்தால்தான் தைரியமாக ஓரம் விட்டு வெட்டுவார். ஆள் இல்லாத இடத்தில் அந்த ஆபரேஷனையே தொட மாட்டார். ஆக, கீமோவும் தொடர் பரிசோதனையும் வேறு ஊருக்குப் போய்விடும்.

டயாலிசிஸ் பக்கம் இன்னும் சுவாரசியம். டயாலிசிஸ் ஊசி குத்த வசதியாகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போடும் வேலையை நம் நாட்டில் பல இடங்களில் பிளாஸ்டிக் சர்ஜன்தான் செய்கிறார், எங்களிடமும் அப்படித்தான். மரத்துப்போகும் ஊசி போட்டு, ஓரிரண்டு மணி நேரத்தில் முடிகிற சின்ன ஆபரேஷன். அவருடைய வரியில் பார்த்தால் சில்லறை. ஆனால் அந்த ஃபிஸ்டுலா நன்றாக வேலை செய்தால் அந்த நோயாளி வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, வருடக்கணக்கில், நம் டயாலிசிஸ் யூனிட்டுக்கே வருவார். அது அடைத்துக்கொண்டால் கழுத்தில் குழாய், காய்ச்சல், ஐ.சி.யூ. என்று போகும். ஃபிஸ்டுலா எங்கே நன்றாகப் போடுகிறார்கள் என்று டயாலிசிஸ் நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலிகளில் உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள். நாங்கள் ஒட்டும் போஸ்டரை விட அந்தப் பேச்சு பலமானது.

மூன்றாவது கட்டைப் பற்றி எந்த நிர்வாகமும் வெளியே பேச விரும்பாது. இதய பைபாஸ் செய்த நெஞ்சு எலும்பு சேராமல் திறந்துகொள்வது, உள்ளே வைத்த பிளேட் தோலைக் கிழித்து எட்டிப்பார்ப்பது, தலையில் ஆபரேஷன் செய்த இடத்தில் தோல் கறுத்துப்போவது, நீண்ட நாள் ஐ.சி.யூ.வில் கிடந்தவருக்கு முதுகில் படுக்கைப் புண், சர்க்கரைக்காரரின் ஆறாத கால். இவற்றில் புது வருமானம் என்று பெரிதாக ஒன்றும் வராது. பல கேஸ்களில் நாங்களே பில்லைக் குறைத்து அனுப்பியிருக்கிறோம். ஆனால் இங்கே அவர் காப்பாற்றிக் கொடுப்பது வேறு: படுக்கை, பெயர், சில சமயம் ஒரு வக்கீல் நோட்டீஸ். இதற்கு ரூபாய் மதிப்பு போட முயற்சி செய்ய வேண்டாம், யாரும் நம்ப மாட்டார்கள். கேஸ் எண்ணிக்கையை மட்டும் எழுதி வைத்தேன். அதைப் பார்த்ததும் இதய சர்ஜன் தானாகவே பேச ஆரம்பித்துவிட்டார்.

இப்போது பேக்கேஜ் விஷயம். பணம் கட்டிப் பார்க்கும் நோயாளி கூடுதலாக ஒரு வாரம் படுத்தால் மேலோட்டமாக அது வருமானம் மாதிரித் தெரியும். இதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேர்மையாகாது. சீழ் பிடித்த கால் சில அறிக்கைகளில் லாபமாகவே தெரியும். ஆனால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலோ ஆயுஷ்மானிலோ இன்ன ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று தொகை கட்டியாகிவிட்டது. அதற்கு மேல் படுக்கும் ஒவ்வொரு நாளும் நம் கைக்காசு. ஒரு பேச்சுக்கு, ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு மருத்துவமனைக்கு ஆகும் செலவு 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காயம் மூடாமல் 20 நாள் கூடுதலாகக் கிடந்தால் 80,000 போச்சு. அதே படுக்கையில் வந்திருக்கக்கூடிய வேறு நோயாளிகளை இதில் நான் சேர்க்கவே இல்லை. சீக்கிரம் மூடி அனுப்பும் ஒரு டாக்டர் இங்கே மிச்சப்படுத்திக் கொடுக்கிறார். மிச்சம் எந்தத் துறையின் வரவிலும் ஏறாது.

இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது ‘நம்மைக் காக்கும் 48’. 2021 டிசம்பரில் வந்த இந்தத் திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவர் யாராக இருந்தாலும், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் தருகிறது. தொடங்கியபோது வரம்பு ஒரு லட்சம் ரூபாய். பல உயிர்களைக் காப்பாற்றிய திட்டம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மேலே சொன்ன, பைக்கில் அடிபட்டவர் கணக்கைப் பாருங்கள். கழுவியதும் கம்பி மாட்டியதும் 48 மணிக்குள். ஃபிளாப் மூன்றாம் நாள். இந்தத் திட்டத்தின்படி, அந்த நேரத்தில் அட்டை இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் குடும்பம் பணம் கட்ட வேண்டும் அல்லது அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த மாற்றத்துக்கான பேப்பர் வேலையை இரண்டாம் நாள் காலையிலேயே ஆரம்பித்துவிட வேண்டும். பிளாஸ்டிக் சர்ஜன் ரவுண்ட்ஸில் “நாளன்னைக்கு மூடணும்” என்று சொன்ன உடனே வார்டு இன்சார்ஜ் காப்பீட்டு டெஸ்க்குக்கு போன் போடுவது இப்போது எங்கள் வழக்கம். ஒரு நாள் தாமதித்தால், கோடினா சொன்ன 72 மணியும் போய்விடும்.

தனியார் காப்பீட்டில் வேறு தலைவலி. பாலிசிகளில் ‘எக்ஸ்க்ளூஷன் 8’ என்று பொதுவான ஒரு விலக்கு உண்டு: தோற்றத்தை மாற்றும் காஸ்மெடிக் அல்லது பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் கிடையாது. ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புக்கும், உடலுக்கு உடனடி ஆபத்தை நீக்க மருத்துவ ரீதியில் தேவைப்படும் சிகிச்சைக்கும் உண்டு. அந்த ‘ஆனால்’ வரை, காப்பீட்டு கம்பெனிக்காக க்ளெய்ம்களைப் பரிசீலிக்கும் டி.பி.ஏ. அலுவலகத்தில் எல்லாரும் படிப்பதில்லை. ‘பிளாஸ்டிக்’ என்ற வார்த்தையைப் பார்த்ததுமே கேள்வி அனுப்பிவிடுவார்கள். அதனால் ப்ரீ-ஆத் (முன் அனுமதி) கோரிக்கையிலேயே முதல் வரியில் காயம் எப்படி, எப்போது ஏற்பட்டது, எலும்பா நரம்பா எது திறந்து கிடக்கிறது, மூடாவிட்டால் என்ன ஆகும் என்று எழுதி, ஏ.ஆர். காப்பியையும் காயத்தின் போட்டோவையும் சேர்த்து அனுப்பச் சொன்னோம். ஆபரேஷனின் பெயர் அதற்குப் பிறகு வந்தால் போதும். எழுதும் விதத்தை மாற்றிய பிறகு கேள்விகள் கண்கூடாகக் குறைந்தன. பொய்யாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை, உண்மையை முன்னால் வைத்தோம், அவ்வளவுதான்.

ஜி.எஸ்.டி.யும் இதே கோட்டில்தான் பிரிகிறது. மருத்துவ சேவைக்கு வரிவிலக்கு. காஸ்மெடிக், பிளாஸ்டிக் சர்ஜரிக்கு விலக்கு இல்லை, 18 சதவீதம். பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம் இவற்றால் கெட்ட உறுப்பையோ அதன் வேலையையோ சீராக்குவதாக இருந்தால் மறுபடி விலக்கு. பில்லிங் கவுண்டரில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது தெரியாவிட்டால், பிளவுபட்ட உதட்டைத் தைத்த குழந்தைக்கு வரி போட்டுவிடுவார்கள், கொழுப்பு உறிஞ்சிய ஆளுக்கு வரி போடாமல் விட்டுவிடுவார்கள். இரண்டும் வம்பு.

ஒரே மேசையில் இரண்டு ஆபரேஷன் என்றால் இன்னொரு விதி. ஆயுஷ்மான் மாதிரித் திட்டங்களில் அதிகத் தொகை உள்ளதற்கு முழுசாகவும், இரண்டாவதற்குப் பாதியும், மூன்றாவதற்குக் கால்வாசியும்தான் தருவார்கள். எலும்புக்கு முழு ரேட், ஃபிளாப்புக்குப் பாதி என்று வந்தால், பாதித் தொகையை வைத்துத்தான் பிளாஸ்டிக் சர்ஜனின் பங்கைக் கணக்கிட வேண்டும் என்று முன்பிருந்த அக்கவுன்டன்ட் எழுதி வைத்திருந்தார். எட்டு மணி நேரம் நின்றவருக்குப் பாதி, ஒன்றரை மணி நேரம் நின்றவருக்கு முழுசு. இரண்டு டாக்டர்களும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாமல் போவதற்கு இந்த மாதிரி ஒரு வரி போதும். இப்போது வரும் மொத்தத்தையும் ஒன்றாகக் கூட்டி, ஓ.டி.யில் செலவான நேரத்தை வைத்துப் பிரிக்கிறோம். எலும்பு டாக்டர் முதலில் முணுமுணுத்தார். தன் கேஸ்கள் ஊரை விட்டுப் போகாமல் இருப்பதை நினைத்து ஒத்துக்கொண்டார்.

கைக்காயங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் விசைத்தறி, ஸ்பின்னிங் மில், பவுண்டரி, பவர் பிரஸ், நார் மில், கரும்பு ஜூஸ் மெஷின் என்று விரலைக் கேட்கும் இயந்திரங்களுக்குப் பஞ்சமில்லை. தொழிலாளர் இழப்பீட்டு அட்டவணைப்படி ஒரு கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. முதலாளிக்கும் அது தெரியும். அதனால் விரலைத் திரும்பச் சேர்த்துவைக்கும் டாக்டர் இருக்கும் இடத்துக்கு மில் வண்டி நேராக வரும். அப்படி வரும் மில், காய்ச்சல் தலைவலிக்கும், வருடாந்திரப் பரிசோதனைக்கும் அதே மருத்துவமனையோடு தொடர்பு வைத்துக்கொள்ளும். இது ஒரு கதவு. இதைத் திறந்து வைத்திருக்க, மில் சூப்பர்வைசர்களுக்கும் ஆம்புலன்ஸ் டிரைவர்களுக்கும் எங்கள் டாக்டரே போய் வகுப்பு எடுத்தார்: அறுந்த விரலை ஈரத் துணியில் சுற்று, பாலிதீன் கவரில் போட்டு வாயைக் கட்டு, அந்தக் கவரைத்தான் ஐஸ் மேல் வை, விரலை நேராக ஐஸில் போடாதே. குளிரில் வைத்த விரல் பல மணி நேரம் தாங்கும், சதை அதிகமுள்ள முன்கை சூட்டில் ஆறு மணி நேரம்கூடத் தாங்காது. வகுப்புக்கு ஆன செலவு டீயும் வடையும்.

ஆனால் விரல் ஒட்டுவதில் லாபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ராத்திரி பூராவும் ஒரு ஓ.டி., ஒரு மயக்க டாக்டர், இரண்டு நர்ஸ்கள் கட்டுண்டு கிடப்பார்கள். முடியை விட மெல்லிய நூல், கவனித்துப் பராமரிக்க வேண்டிய மைக்ரோஸ்கோப், நடு இரவில் ரத்தம் கட்டினால் திரும்பத் திறப்பது, மறுநாள் காலை லிஸ்ட் எல்லாம் தள்ளிப்போவது. இ.எஸ்.ஐ. கேஸ் என்றால் பணம் வரும், ஆனால் எப்போது என்று கேட்காதீர்கள். இதை எல்லாம் போட்டுப் பார்த்தால் அந்த ஒரு கேஸ் கையைக் கடிக்கும். அந்தக் கதவு வழியாக வரும் மற்றதையும் சேர்த்தால்தான் கணக்கு நிமிர்கிறது.

காஸ்மெடிக் கனவைப் பற்றியும் கேளுங்கள். பிளாஸ்டிக் சர்ஜன் வந்தால் லைபோ (கொழுப்பு உறிஞ்சுவது), மூக்கு, முடி நடுவது என்று ரொக்கம் கொட்டும் என்று பல நிர்வாகங்கள் நினைக்கின்றன. எங்கள் பங்குதாரர்களும் அதற்கென்று தனி அறை, சோபா, கண்ணாடி எல்லாம் போட்டார்கள். நம் ஊரில் வசதி உள்ளவர் அழகு ஆபரேஷனைத் தன் ஊரில் செய்துகொள்ள மாட்டார். வெயிட்டிங் ஹாலில் சம்பந்தி உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? கோவைக்கோ சென்னைக்கோ போய்விடுவார். அந்தச் சோபா அறையில் உண்மையில் தினமும் நடப்பது காது தைப்பதுதான். கனமான தோட்டையும் ஜிமிக்கியையும் வருடக்கணக்கில் போட்டு ஓட்டை அறுந்துபோன அம்மாக்கள். வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு இரண்டு மாதம் முன்னால் வரிசையே நிற்கும். ஊசி போட்டு, தைத்து, அரை மணியில் வீட்டுக்கு. அதற்கு அடுத்தபடியாக மார்பு பெருத்ததால் சட்டை கழற்றக் கூச்சப்படும் பையன்கள், தழும்பு குறைக்க வருபவர்கள். வருமானம் சின்னது, ஆனால் ரொக்கம். படுக்கையும் வேண்டியதில்லை. அந்த அறையின் மின்சார பில்லையாவது அது கட்டிவிடுகிறது.

ஆக, எந்த மருத்துவமனையும் முழுநேர பிளாஸ்டிக் சர்ஜனை வைத்துக்கொள்ளலாமா என்றால், கூடாது என்பேன். இரவிலும் மயக்க டாக்டர், ரத்த வங்கி, ஐ.சி.யூ., விபத்து கேஸை விரும்பி எடுக்கும் எலும்பு டாக்டர் இவை இல்லாத இடத்தில் அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தால், இரண்டு பேர் காலமும் வீண். அங்கே வாரத்தில் இரண்டு நாள் வந்துபோகும் டாக்டரே போதும். விபத்து அதிகம் வரும் இடத்தில் நேர்மாறு: ஒருவர் போதாது. எம்.பி.பி.எஸ்., எம்.எஸ்., அதற்கு மேல் மூன்று வருடம் எம்.சி.எச். என்று பன்னிரண்டு வருடத்துக்குக் கிட்ட படித்துவிட்டு வருபவரை, வருடம் முழுக்க ஒவ்வொரு ராத்திரியும் எழுப்பினால் அவர் இரண்டாவது வருடம் கிளம்பிவிடுவார். ஃபிளாப்பைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த நர்ஸ்களும் அவரோடு போகக்கூடும். அந்தப் பயிற்சியை மறுபடி ஆரம்பிப்பதற்கு ஆகும் செலவை எந்த பட்ஜெட்டிலும் நான் பார்த்ததில்லை.

ஒப்பந்தம் பேசப்போகும் டாக்டர்களுக்கு: உங்கள் கேஸ்களுக்கு நீங்களே ஒரு நோட்டுப் போடுங்கள். யார் பெயரில் அட்மிஷன், நீங்கள் என்ன செய்தீர்கள், எவ்வளவு நேரம், நீங்கள் இல்லாவிட்டால் அந்த நோயாளி எங்கே போயிருப்பார். நிர்வாகம் தரும் துறை அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு பேச உட்கார்ந்தால் தோற்றுவிடுவீர்கள். கேரண்டித் தொகையைக் கூட்டிக் கேட்பதை விட, கூட்டு கேஸ்களில் உங்கள் பங்கு எப்படிப் பிரியும், ராத்திரி கூப்பிட்டால் தனித்தொகை உண்டா, மற்ற துறை நோயாளியைப் பார்த்துக் கருத்து எழுதினால் அது பில்லில் வருமா, லீவு எடுத்தால் யார் பார்ப்பார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலரும் கேட்பதே இல்லை. மைக்ரோஸ்கோப் யார் வாங்குவது, பழுது யார் செலவு என்பதும் அதில் வரட்டும்.

என் கணக்கைப் பார்த்துவிட்டு எங்கள் நிர்வாகம் கேரண்டியை அப்படியே விட்டது, ராத்திரி அழைப்புக்குத் தனித்தொகை சேர்த்தது. இரண்டாவது சர்ஜனுக்கு ஆள் தேடுகிறார்கள், இன்னும் கிடைத்தபாடில்லை. சாஃப்ட்வேர் கம்பெனியிடம் சொல்லி ‘உடன் செய்த டாக்டர்’ என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். அட்மிஷன் கவுண்டரில் அதை நிரப்ப மறந்துவிடுகிறார்கள் என்பதால், டிஸ்சார்ஜ் சமயத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பில் பிரிண்ட் ஆகாதபடி வைத்துவிட்டேன். திங்கட்கிழமை காலையில் கவுண்டரில் எனக்கு விழும் திட்டு எல்லாம் அதற்காகத்தான்.